மேரியம்மா கேட்டு வாங்கிய வேலி

போன வாரம் வியாசர்பாடியில் ஒரு விசித்திரம் பார்த்தேன். பட்டப்பகலில் ஓர் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புதுப் பூங்காவின் முள்கம்பி வேலியைக் குறடு வைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார்!

"என்னம்மா இது, கவர்மென்ட் வேலியாச்சே?" என்றேன்.

"ஆமா நைனா. கேட்டு வாங்கினதும் நான்தான், புடுங்கறதும் நான்தான். நவுரு, கம்பி கிழிச்சிடப் போவுது."

இப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகு வீட்டுக்குப் போகக் கால் வருமா? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெயர் மேரியம்மா. எதிரே தெரியும் மாடிக் குடியிருப்பில் கீழ் வீடு. இந்தப் பூங்கா முன்பு வெறும் மைதானம். ரயில்வேயிலும் ஹார்பரிலும் வேலை முடிந்து வரும் வாலிபர்கள் சாயங்காலமானால் பந்து உதைப்பார்கள். ஒரு நாள் பந்து ஜன்னல் வழியாக வந்து, அடுப்பில் இருந்த மீன்குழம்புச் சட்டியில்...

விடுவாரா? ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். "பூங்கா வேணும், வேலி வேணும்." நியாயமான கோரிக்கைதானே? அவர்களும் மனம் வைத்துச் செய்தார்கள். செம்பருத்தி, சிமென்ட் பெஞ்ச், சுற்றி முள்கம்பி.

"சத்தம் போச்சேன்னு சந்தோசப்பட்டேன் நைனா. கூடவே ஆளும் போயிடுச்சி."

மகள் ஸ்டெல்லாவுக்கு பிஸ்கட் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, இருட்டில் இந்த ஓரமாகத்தான் வரவேண்டும். இப்போது இருட்டினால் கம்பியை விலக்கி நுழைந்து, பெஞ்சில் சாராயப் பார்ட்டிகள். அதற்கு முந்தின வாரம் ஒருவன் வீட்டு வாசல்வரை பின்னாலேயே வந்திருக்கிறான். அன்றோடு பெண் வேலைக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள்.

"அவ அப்பா மூட்டை தூக்கி இடுப்பு போயி படுத்துக்கினு கீறாரு. அவ சம்பாரிச்சாத்தான் ஒலை கொதிக்கும்."

"முன்னே பயமில்லையா?"

"இன்னாத்துக்கு பயம்? பந்தாட்டம் முடிஞ்சாலும் அந்தப் பசங்க வூட்டுக்குப் போவமாட்டானுங்க. அது கோலா இல்லியான்னு கத்திக்கினே குந்திக்கினு இருப்பானுங்க. இவளைப் பாத்தா, 'இன்னா ஸ்டெல்லா, பஸ்ஸு லேட்டா?'ன்னு ஒரு கொரல்."

வேலியை எடுக்கச் சொல்லி மறுபடி ஆபீஸுக்குப் போயிருக்கிறார். அவர்கள் என்ன செய்வார்கள்? ஃபைல் நகர வேண்டாமா? அதனால்தான் குறடு.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். பழைய டீமின் கேப்டன் ஏழுமலையாம்.

"இன்னா யக்கா, எங்கள தொரத்திட்டு இப்ப நீயே தொறந்து வுடறியா? நாங்கதான் வேற கிரவுண்டு புட்ச்சிட்டோமே..."

மேரியம்மா குறடைத் தாழ்த்தினார். அன்று அந்தக் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு இவர்கள் வீடு வீடாகச் சண்டைக்குப் போனவர், எந்த வாயால் கூப்பிடுவார்? கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாக, "ஸ்டெல்லா வேலைய வுட்டுட்டாடா" என்றார். பின்னால் ஒருவன் வந்ததையும் சொன்னார்.

ஏழுமலை ஸ்டாண்டு போட்டார். "எத்தினி மணி பஸ்ஸுல வரும் அது?" என்று கேட்டுக்கொண்டே குறடை வாங்கிக்கொண்டார்.

ஊரை அழகாக்க எவ்வளவோ பிளான் போடுகிறோம். மரம் எங்கே, பெஞ்ச் எங்கே என்று கோடு கிழிக்கிறோம். நல்லதுதான். ஆனால் பொழுது சாய்ந்ததும் அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள்? அதையும் கொஞ்சம் யோசிக்கலாமே!

நேற்று விசாரித்தேன். ஸ்டெல்லா வேலைக்குப் போகிறாளாம். செம்பருத்தியில்தான் ரெண்டு செடி பந்து பட்டு ஒடிந்துவிட்டதாம்... போகட்டும், வேறு நட்டுக்கொள்ளலாம்!