புரட்டாசியில் மீன் வாசம்

புரட்டாசி மாதத்தில் என் வீட்டில் மீன் வாசம் அடித்தது. அடித்தது உண்மை. அன்றைக்கும் நான் அதை மறுக்கவில்லை, இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஆனால் மீன் இல்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, அம்மா பின்னால் ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போனவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். இருந்தாலும் நான் எழுதி யாரும் புரியவில்லை என்று சொன்னதில்லை.

நாங்கள் மெர்போக் பக்கம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையிலும் பாதி போய் வரிசை வீடுகள் வந்தன. பெருமாள் கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானத்துக்கு அங்கே சமைப்பது நான்தான். யாரும் நியமித்த வேலை இல்லை அது. என் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் கொடுத்த வேலை. சுங்கை பட்டாணிப் பட்டணத்திலிருந்து காடி ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். பெருமாளுக்காக வருகிறார்களா சாம்பாருக்காக வருகிறார்களா என்று பெருமாளிடம்தான் கேட்க வேண்டும்.

என் கடைசி மகள் கெமிஸ்ட்ரி படித்தவள். பட்டணத்துக்கு வெளியே ஒரு கிலாங்கில், தொழிற்சாலை என்பார்களே, அதன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. செம்பனைக் கொட்டை எண்ணெயை வைத்து, சோப்புக்கும் துணியை மெதுவாக்குகிற தண்ணீருக்கும் வேண்டிய சரக்குச் செய்கிற இடம். கல்யாணம் ஆகவில்லை, என்னோடுதான் இருக்கிறாள். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் மருந்துக்கடை வாசம் மட்டும்தான் வரும். அந்த வருடம் புதிதாக ஒரு வேலையில் போட்டார்கள். ஆவணி கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள், அடுப்படியில் நிற்கிற எனக்கு நெத்திலி வாசம் வருகிறது.

“என்னடி, கிலாங்குக்குப் போனியா, கோத்தா கோலா மூடா மீன்பிடி ஜெட்டியில வலை இழுத்துட்டு வர்றியா?”

“ஏம்மா, அவ்ளோவா வருது?”

“பூனை உன் பின்னாலயே வருது பாரு.”

உண்மையாகவே பக்கத்து வீட்டுப் பூனை அவள் பின்னால் வந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குளித்துவிட்டு வந்தாள். முடியில் வாசம் அப்படியே இருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். எனக்குப் புரியாது என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த மரியாதையை நான் அவளுக்குப் பழக்கியிருக்கிறேன்.

“எண்ணெய்லேர்ந்து ஆல்டிஹைடுன்னு ஒண்ணு எடுக்கறோம்மா. அதோட அம்மோனியாவுக்குச் சொந்தக்காரன் ஒருத்தனைச் சேர்க்கறோம்.”

“அம்மோனியா எனக்குத் தெரியும். வாளியில பால் உறையாம இருக்க ஊத்துவோமே. கண்ணு எரியும்.”

“அதேதான். இவன் அவனுக்குத் தம்பி முறை. இவன்தான் மீன் நாத்தம் அடிக்கறவன். ரெண்டும் கைகோத்துக்கிட்டா நடுவுல தண்ணி கழண்டு போகும். அப்புறம் ஹைட்ரஜன் வாயு வந்து ஒட்டினா, அந்தச் சேர்க்கை பிரியாம நின்னுடும். அதுக்குப் பேருதான் அமீன்.”

“வாயுவை விட்டா தானா ஒட்டிக்குமா?”

“ஒட்டாது. அதுக்கு ஒரு கேட்டலிஸ்ட் வேணும். நிக்கல் பவுடர், கறுப்பா இருக்கும். தோசைக்கல்லு மாதிரின்னு வச்சுக்கங்களேன். மாவு தோசையாகுது, கல்லு கல்லாவே இருக்கு. அடுத்த மாவுக்கும் அதே கல்லு.”

“கல்லு கெட்டுப் போகுமே.”

“கெடும். கந்தகம் கொஞ்சம் பட்டாப் போச்சு, அப்புறம் ஒண்ணும் வேகாது.”

இதில் அவளுக்கு என்ன தலைவலி என்றால், ஹைட்ரஜனுக்கு அவசரம் அதிகமாம். இரண்டும் கைகோத்துக்கொள்வதற்கு முன்னாலேயே ஆல்டிஹைடைப் போய்ப் பிடித்து அதை வேறு சாமானாக மாற்றிவிடுமாம். அப்புறம் அமீனும் கிடையாது ஒன்றும் கிடையாது. சேரட்டும் என்று பொறுத்திருந்து, சேர்ந்த பிறகு மட்டும் வாயுவை ஒட்டவைக்கிற கேட்டலிஸ்ட் எது என்று தேடுவதுதான் இவளுடைய வேலை.

“பருப்பு வேகறதுக்கு முன்னாடி புளி ஊத்தினாப் பருப்பு வேகாது. அந்தக் கதைதானே?”

“பாதி சரிம்மா. நீங்க புளியைத் தனியா எடுத்து வச்சுப் பார்த்து ஊத்தறீங்க. நாங்க எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டி மூடிடுவோம். எது முந்தி எது பிந்தின்னு உள்ள அந்தப் பவுடர்தான் பார்த்துக்கணும்.”

அப்படி ஒரு பவுடர் இருந்தால் எனக்கும் கொஞ்சம் கொண்டுவா என்றேன்.

புரட்டாசி பிறந்தது. வீட்டில் சட்டி பானையெல்லாம் புளி போட்டுத் துலக்கி, மீன் வெட்டுகிற பலகையை வெளியே வைத்தாயிற்று. அந்த மாதம் அவளும் என்னைப் போலவே சைவம். ஆனால் வாசம் போகவில்லை. அவள் துணியை என் துணியோடு மெஷினில் போட்டுத் துவைத்தேன், சோப்புத்தூளை அள்ளிப் போட்டேன். வாசம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. என் சேலையிலும் ஏறிக்கொண்டது. கோயிலுக்கு அவள் காடியில்தான் போவேன், காடி சீட்டிலும் அதே வாசம். போகப் போகப் பழகிய மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாமலே போய்வந்துகொண்டிருந்தேன்.

அன்னதானத்துக்குச் சாமான் என்ன வாங்குவது என்று பேச, ஒரு நாள் பூசை முடிந்து பெண்கள் எல்லோரும் கோயில் சமையல் கூடத்தில் கூடினோம். கோயில் தலைவரின் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைவிட வயதில் இளையவள். வாய் நல்ல வாய், மனசும் கெட்ட மனசு இல்லை, ஆனால் இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது. உட்கார்ந்தவள் எழுந்து ஒரு பாய் தள்ளி உட்கார்ந்தாள்.

“என்னம்மா?” என்றேன்.

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாமலா தள்ளிப் போவாங்க?”

“கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது. இன்னைக்கு வீட்டுல என்ன சமையல்?”

“முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் பொரியல்.”

“முருங்கைக்காய் கடல்ல காய்ச்சுதாக்கா?”

கூடம் முழுக்கச் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது, அதுதான் மோசம். போன வாரமும் இந்த வாசம் வந்ததாக ஒருத்தி சொன்னாள். அதற்கு முந்தின வாரமும் என்றாள் இன்னொருத்தி. தலைவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “வயசான காலத்துல நாக்கு கேக்கும், தப்பில்லலா. ஆனா சாமிக்குச் சமைக்கற கை. இந்தச் சனிக்கிழமை வேற ஆளு சமைக்கட்டும்.”

நான் கத்தவில்லை. “நாளைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு வா. சட்டியைத் திறந்து பாரு, குப்பையைக் கிளறிப் பாரு. அப்புறம் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வந்தாள். ஒரு துணையோடு வந்தாள். நான் காப்பி கலந்து கொடுத்தேன். மகள் வேலை முடிந்து வந்ததும் அவர்கள் இரண்டு பேரின் மூக்கும் ஒரே நேரத்தில் சுருங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்த்தாயா, வாசம் எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்ததா என்றேன். மகள் உள்ளே போய் ஓர் எலுமிச்சையை வெட்டிக்கொண்டு வந்து, தன் சட்டைக் கையைத் தண்ணீரில் நனைத்து, சாற்றைப் பிழிந்து கசக்கினாள்.

“இப்ப மோந்து பாருங்க ஆண்டி. போயிடுச்சா? புளிப்பு பட்டா இது உப்பா மாறிடும், வாசம் வராது. சோப்பு பட்டா மறுபடி கிளம்பும். அம்மா சோப்பைப் போட்டுப் போட்டுத்தான் ஊருக்கே மோக்க வச்சுட்டாங்க.”

தலைவர் மனைவி மோந்து பார்த்தாள். யோசித்தாள். “எலுமிச்சை போட்டா மீன் வாசமும்தான் போகும். நான் மீன் கழுவாதவளா?”

“ஆமா ஆண்டி. மீன்ல இருக்கறதும் இதுவும் ஒரே சாதிதான்.”

எனக்கு அவளைக் கிள்ள வேண்டும் போல இருந்தது. இது வேறு, அது வேறு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயம். அவள் சொல்லமாட்டாள். அதுவும் நான் பழக்கினதுதான்.

“அப்ப மீனே இல்லாம மீன் வாசத்தைச் செய்யறீங்களா? எதுக்குலா?” என்று கேட்டாள் கூட வந்தவள்.

“வாசத்துக்கா செய்வாங்க?” என்றேன் நான். “வாசம் வழியில வர்றது. கடைசியில உன் சேலை மெதுமெதுன்னு இருக்கறதுக்குச் செய்யறது.” பருப்பும் புளியும் சொல்லி, தோசைக்கல்லைச் சொல்லி, முழுவதையும் விளக்கினேன். இரண்டு இடத்தில் மகள் திருத்தினாள். மற்றதெல்லாம் சரி என்று தலையாட்டினாள்.

தலைவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று அவளே சொன்னாள். “நான் நம்பறேன்க்கா. வர்ற சனம் அத்தனைக்கும் எலுமிச்சை பிழிஞ்சு காட்ட முடியுமா? ஒண்ணு பண்ணுங்க. புரட்டாசி முடியற வரைக்கும் உங்க மகளைக் கூட்டாளி வீட்டுல தங்கச் சொல்லுங்க. நீங்க சமைங்க. ரெண்டு பக்கமும் கெட்டுப் போகாது.”

அவர்கள் போனதும் மகள் சொன்னாள், “நான் போய்த் தங்கிக்கறேம்மா. இதுல என்ன இருக்கு?”

என்ன இருக்கு என்று அவள் கேட்டது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கோயில் கரண்டி எனக்குப் பெரிசு. அதை மறைக்கவில்லை. அந்தக் கரண்டி கையில் இருக்கும்போது, ஊரில் எந்தப் படித்த பெண்ணுக்கும் நான் குறைந்தவள் இல்லை. ஆனால் என் மகள் உழைத்துவிட்டு வருகிற வாசத்துக்கு என் வீட்டிலேயே இடம் இல்லை என்று சொல்லிவிட்டு, அந்தக் கரண்டியை எப்படிப் பிடிப்பது? “நீ எங்கயும் போக வேணாம். போய்ச் சாப்பிடு” என்றேன்.

மறுநாள் தலைவரையே போய்ப் பார்த்தேன். மண்டபத்தில் கமிட்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், அவர் மனைவியும் இருந்தாள். தலைவர் எங்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நின்றுகொண்டேதான் பேசினேன்.

“ஐயா, உங்க அம்மாவும் என் அம்மாவும் ஒட்டுப்பால் மூட்டையைத் தலையில தூக்கினவங்க. அந்த நாத்தம் உங்களுக்கு மறந்துடுச்சா?”

ஒட்டுப்பால் என்றால் மரத்திலும் பால் பிடிக்கிற மங்கிலும் காய்ந்து ஒட்டிக்கொண்ட பால். பிய்த்து மூட்டை கட்டி வைத்தால் செத்த எலி மாதிரி நாறும். நெஞ்சு வரைக்கும் ஏறும்.

“மறக்குமாக்கா அது?” என்றார்.

“குளிச்சாலும் போகாது. அதோடதான் இந்தச் சாமிக்கு வந்து பொங்கல் வச்சாங்க. தள்ளி நில்லுன்னு அன்னைக்கு யாரும் சொல்லலை, ஏன்னா எல்லாரும் அதே நாத்தம். இன்னைக்கு என் மகள் ஒருத்திக்கு மட்டும் அந்த வாசம். அதனாலதான் அது நாத்தமாப் போச்சு. அவளை அனுப்பிட்டு நான் சமைக்க மாட்டேன். அவ வீட்டுல இருப்பா, நான் சமைப்பேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க.”

தலைவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “இவகிட்ட என்னமோ பேரு சொன்னீங்களாமே, என்னது அது?” என்று கேட்டார்.

“அமீன்.”

“அமீனா?” அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முகம் மாறியது. “நீதி இல்லாதது அநீதி. தர்மம் இல்லாதது அதர்மம். அப்ப மீன் இல்லாதது?”

கமிட்டிக்காரர் ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “அமீன்! பேர்லயே எழுதியிருக்கேய்யா!” தலைவரும் சிரித்துவிட்டு, “நீங்களே சமைங்கக்கா” என்றார்.

சத்தியமாக நான் அதைக் கவனித்திருக்கவில்லை. மகளும் கவனித்திருக்கவில்லை, அவள் அந்த வார்த்தையை இங்கிலீஷிலேயே கேட்டுப் பழகியவள். தலைவரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “விளையாட்டா இருக்கட்டும். சனிக்கிழமை காலையிலேர்ந்து நான் சமையல் கூடத்துல நிப்பேன்” என்றாள். தாராளமாக நில் என்றேன்.

சனிக்கிழமை விடியும்போதே வந்து நின்றாள். என் சேலையை நான் புளித்தண்ணீரில் அலசி உடுத்தியிருந்தேன். முந்தானையை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். “மோந்துக்கம்மா, வெட்கப்படாதே.” மோந்துகொண்டாள். பிறகு எங்கே நிற்பது என்று தெரியாமல் அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றாள். சமையல் கூடத்தில் சும்மா நிற்கிற ஆள் எனக்கு ஆகாது. கையில் கத்தியைக் கொடுத்துப் பூசணிக்காயைக் காட்டினேன். துண்டு பெரிதாக வெட்டினாள், திரும்ப வெட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வெட்டினாள். சாம்பார் கொதி வந்தபோது அவளே ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “உப்பு சரியா இருக்கு” என்றாள். நான் அவளைக் கேட்கவே இல்லை.

முதல் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தபோது மகள் கிலாங்கிலிருந்து நேராக வந்தாள். அன்றைக்குக் காலையிலும் வேலை இருந்தது. முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டிருந்தாள். வரிசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் மெதுவாக இலையை நகர்த்திக்கொண்டது. எதிரே இருந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை. அடுத்து வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள். அவள் பக்கத்தில் இடம் காலியாகவே கிடந்தது. தலைவர் சிரித்தார் என்பதற்காக ஊர் முழுவதும் சிரித்துவிடாது.

சமைத்தவள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவது எங்கள் வழக்கம். நான் சாம்பார் வாளியையும் கரண்டியையும் தலைவர் மனைவி கையில் கொடுத்தேன். “எங்கக்கா போறீங்க?” என்றாள். நான் போய் அந்தக் காலி இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தவளைப் பார்த்தேன்.

“ரெண்டு பேருக்கும் நல்லா ஊத்தும்மா,” என்றேன். “அடியில கிளறி ஊத்து.”