இறக்காத சரக்கு

சவுதி எல்லைச் சாவடியில் கிளியரிங் கிளார்க்காக இருந்தபோது அவரைச் சந்தித்தேன். நாமக்கல்காரர், டிரெய்லர் டிரைவர். அதிகாரியிடம் போகுமுன் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொள்வார். வளைகுடா நாடுகளுக்குள் சரக்கை ஒருமுறை சோதித்தால் போதும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. ஆனாலும் அதிகாரி அவர் வண்டிச் சரக்கு முழுவதையும் சோதனைக்கு இறக்கச் சொன்னார்.

“துபாயிலயே செக் பண்ணி சீல் வெச்சாச்சு. இறக்க மாட்டேன்” என்றார் இவர்.

“இறக்கிடுங்கண்ணே. லேட்டானா விசா குடுத்த கஃபீல் உங்கள ஊருக்கே அனுப்பிடுவாரு” என்றேன்.

“அனுப்பட்டும் தம்பி. நான் இறக்குனா பின்னாடி நிக்கிற அத்தன வண்டியும் இறக்கோணும்.”

மூன்று நாள் வெயிலில் வண்டியிலேயே கிடந்தார். நான்காம் நாள் அதிகாரி அவர் தாள்களில் முத்திரை குத்தினார். பின்னால் நின்ற வண்டிகளும் இறக்காமலே கடந்தன.

அந்தச் சட்டத்தின் நகல் என் மேசையில்தான் இருந்தது. அதை எடுத்து அதிகாரியிடம் நீட்ட எனக்கு ஏன் கை வரவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.