கண்டக்டர் மரியரட்ணத்தின் மெழுகுதிரிகள்

மன்னாரில் மரியரட்ணம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் பின்கதவில் தொங்கியபடி ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்த தரிப்பில் நிற்பவர்களுக்கும் கேட்கும் என்பார்கள். டென்மார்க்கில் அந்தக் குரலுக்கு வேலை இருக்கவில்லை. வைலே நகருக்கு வெளியே ஒரு கோழித் தொழிற்சாலையில் ஒன்றரை வருடம் நின்றார். இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. அவருக்கு அதுதான் குளிரைவிடக் கஷ்டமாக இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் அவர் வேலை செய்த பகுதியை மூடிவிட்டார்கள். அந்த மாதமே அவருடைய மனைவி விக்ரோரியாவுக்கு முதியோர் இல்லமொன்றில் துணி வெளுக்கும் பகுதியில் காலைநேர வேலை கிடைத்தது. மூத்தவள் ரெஜினாவுக்கு ஏழு வயது, பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவள் டிலானிக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. பிள்ளைகள் காப்பகத்தில் அவளுக்கு இடம் கேட்டால், வரிசையில் காத்திருங்கள் என்றார்கள்.

“அப்ப நான் வேலைக்குப் போகேல்லை. பேந்து பாப்பம்” என்றாள் விக்ரோரியா.

“ஏன்? நான் வீட்டிலை நிக்கிறன்தானே. பிள்ளையை நான் பாக்கிறன்.”

“நீங்களோ? தலை இழுத்துப் பின்னத் தெரியுமே உங்களுக்கு?”

“ஒரு பஸ் நிறையச் சனத்தை மேய்ச்சனான். இந்த ஒண்டை மேய்க்க ஏலாதே?”

இப்படித்தான் மரியரட்ணம் வீட்டில் நின்றார். அந்த நாட்களில் வைலேயில் இருந்த தமிழ் ஆண்களில் பகலில் பிள்ளையை வைத்துக்கொண்டு சமைத்தவர் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது சிலர் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மரியரட்ணம் எல்லாரையும்விடச் சத்தமாகத் தானும் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விடும்.

மெழுகுதிரி அவர்கள் வீட்டுக்குள் வந்தது விக்ரோரியாவின் கைப்பையில்தான். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் டெனிஷ்காரரின் யன்னல்களைப் பார்த்து இருவருமே அதிசயித்திருந்தார்கள். “கறன்ற் நிக்கேல்லையே! பிறகேன் உதைக் கொளுத்தி வைச்சிருக்கினம்?” என்று மரியரட்ணம் கேட்டது விக்ரோரியாவுக்கு நினைவிருந்தது. அவளுடைய முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாட்டு மேசையிலும் மெழுகுதிரி, பின்னேரக் கோப்பிக்கும் மெழுகுதிரி. பாதி எரிந்த கட்டைகளைக் குப்பையில் போடுவார்கள். அவளுக்கு மனம் கேட்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

“மாதாவின்ரை படத்துக்கு முன்னாலை கொளுத்தலாம்” என்றாள்.

கட்டைகள் வரவர ஒரு பை நிறைந்தது. டிலானி மத்தியானம் நித்திரையானதும் செய்ய ஒன்றும் இல்லாமல் இருந்த மரியரட்ணம், ஒரு நாள் அவற்றை எல்லாம் ஒன்றாகப் போட்டு உருக்கினார். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை எல்லாம் சேர்ந்து பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பால் வாங்கும் மட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, நடுவில் தையல் நூலைத் திரியாகத் தொங்கவிட்டு ஊற்றினார். மெழுகு இறுகியதும் மட்டையை உரித்துவிட்டுக் கொளுத்தினார். திரி ஒரு நிமிடம் எரிந்து, உருகிய மெழுகுக்குள் அமிழ்ந்து அணைந்தது.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். மரியரட்ணத்துக்கு ரோசம் வந்துவிட்டது. டிலானியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். மெழுகுதிரி செய்வதைப் படங்களோடு விளக்கும் ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. டெனிஷ் பாதி விளங்கியது, மீதியைப் படங்கள் சொல்லின. மெழுகுச் சட்டியை நேரே அடுப்பில் வைக்கக்கூடாது, கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். தையல் நூல் திரியாகாது, பின்னிய பருத்தித் திரி வேண்டும். தடிப்பான மெழுகுதிரிக்குத் தடிப்பான திரி. பின்னேரங்களில் ரெஜினா கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுத்தாள்.

டிலானி நித்திரையாக இருக்கும் நேரம்தான் அவருக்கு வேலை நேரம். ஆனால் பிள்ளை தகப்பனின் வசதிக்கு நித்திரை கொள்ளுமா? மெழுகு உருகி வரும் நேரத்தில்தான் அவள் எழும்புவாள். சூடான சட்டிக்குக் கிட்ட அவள் வந்துவிடக்கூடாது என்று, மரியரட்ணம் சாப்பாட்டு மேசையைப் பக்கவாட்டில் சரித்து சமையலறை வாசலை அடைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் சட்டி மூடிகளோடு டிலானி, இந்தப் பக்கம் மெழுகோடு அப்பா. அவள் சிணுங்கத் தொடங்கினால் பழைய பஸ் குரலை எடுப்பார்.

“தோட்டவெளி! தோட்டவெளி இறங்கிறாக்கள் வாங்கோ! பேசாலை! பேசாலை! தலைமன்னார்...”

தலைமன்னார் வருவதற்குள் அவள் சிரித்துவிடுவாள். ஒரு தடவை, மேசையின் மேல்விளிம்பில் ஆறவைத்திருந்த மஞ்சள் மெழுகுதிரி ஒன்றை எட்டி எடுத்துக் கடித்துவிட்டாள். முன்பற்கள் நான்கின் அடையாளமும் அழகாய்ப் பதிந்திருந்தது. விக்ரோரியா வேலையால் வந்து அதைப் பார்த்துப் பதறினாள்.

“விழுங்கினவளோ?”

“இல்லை, துப்பிப்போட்டாள். ருசி பிடிக்கேல்லையாம்.”

ஒக்டோபரில் ஒரு நாள் கதவு தட்டிய சத்தம் கேட்டது. வெளியே நின்றவர் அந்தக் குடியிருப்பைப் பராமரிக்கும் பிரெபென். கீழ்வீட்டிலிருந்து மெழுகு மணக்கிறது என்று முறைப்பாடு வந்திருக்கிறது. வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்று மரியரட்ணம் பயந்தார். பிரெபென் உள்ளே வந்து சரிந்து கிடந்த மேசையைப் பார்த்தார், அதற்கு மேலால் எட்டிப் பார்த்த டிலானியைப் பார்த்தார், அடுப்பில் இருந்த சட்டியைக் கனநேரம் பார்த்தார்.

“நெருப்புப் பிடித்தால் என்ன செய்வாய்?” என்று டெனிஷில் கேட்டார்.

“தண்ணீர்” என்றார் மரியரட்ணம்.

“இல்லை! தண்ணீர் ஊற்றினால் மெழுகு வெடித்துப் பறக்கும். மூடியால் மூடு. யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்.”

அவர் போய்விட்டுத் திரும்பி வந்தபோது கையில் நெருப்பை அணைக்கிற போர்வை ஒன்று இருந்தது. அதைத் தானே அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். போகும்போது மனைவிக்கு என்று இரண்டு மெழுகுதிரிகள் வாங்கினார். மரியரட்ணம் விற்ற முதல் மெழுகுதிரிகள் அவைதான்.

நொவெம்பரில் ரெஜினாவின் வகுப்பாசிரியை கீர்ஸ்டன், யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய பள்ளிக்கூடச் சந்தையில் பெற்றோரும் கைவேலைகள் விற்கலாம் என்று சொல்லியனுப்பினார். ரெஜினா வந்து சொன்னாள்: “அப்பா, கலெண்டர்லூஸ் செய்யுங்கோ. எல்லாரும் வாங்குவினம்.”

“அதென்னது?”

“லூஸ் எண்டால் மெழுகுதிரி. இது நீட்டு மெழுகுதிரி. ஒண்டிலையிருந்து இருவத்துநாலு மட்டும் நம்பர் போட்டிருக்கும். டிசெம்பரிலை ஒவ்வொரு நாளும் ஒரு நம்பரை எரிக்கிறது. முடிய நத்தார் வந்திடும்.”

மரியரட்ணத்துக்கு அது பிடித்துப்போனது. பழைய கட்டை சரிவராது என்று புது வெள்ளை மெழுகு வாங்கினார். ரெஜினா ஒரு சனி ஞாயிறு சிநேகிதி வீட்டில் தங்கப் போயிருந்தபோது, அவள் வருவதற்கிடையில் முடித்துக் காட்ட வேண்டும் என்று கணவனும் மனைவியும் இருந்து சிவப்பு நிறத்தால் இலக்கம் எழுதினார்கள். ஒன்று அடியில், அதற்கு மேல் இரண்டு, மேலே போகப் போக இருபத்துநாலு. ஏணியில் ஏறுவது மாதிரி. மெல்லிய தாளில் சுற்றி, நுனியில் ஒரு கொப்பு ஊசியிலை வைத்துக் கட்டிப் பெட்டியில் அடுக்கினார்கள். ரெஜினா வந்தபோது பார்த்தது கட்டிய பொதிகளைத்தான். “எவ்வளவு வடிவு!” என்று துள்ளினாள்.

சந்தையன்று மரியரட்ணத்தின் குரலுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. “லூஸ்! லூஸ்! கலெண்டர்லூஸ்!” என்று மண்டபம் அதிரக் கூப்பிட்டார். அமைதியாக விற்று வாங்கிப் பழகிய சனம் திரும்பிப் பார்த்தது, பிறகு சிரித்துக்கொண்டே கிட்ட வந்தது. பக்கத்தில் வைத்திருந்த கோப்பி ஆறுவதற்குள் பெட்டி வெறுமையாகிவிட்டது. பாட்டுக்குழுவில் நின்ற ரெஜினா பாடுவதை மறந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசெம்பர் முதலாம் திகதி திங்கட்கிழமை. விடியாத காலையில் விக்ரோரியா வேலைக்குப் போய்விட்டாள். தங்களுக்கென்று எடுத்து வைத்த மெழுகுதிரியை மரியரட்ணம் பிரித்து மேசையில் வைத்தார். நெருப்புக்குச்சியைத் தட்டித் திரிக்குக் கிட்டக் கொண்டுபோனபோது ரெஜினா கத்தினாள்.

“அப்பா! பிழை! இது தலைகீழ்!”

“என்ன தலைகீழ்?”

“ஒண்டு எங்கை? மேலை வேணும்! மெழுகுதிரி மேலையிருந்துதானே எரியும்?”

மரியரட்ணம் மெழுகுதிரியைப் பார்த்தார். மேலே இருபத்துநாலு இருந்தது. குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் கையை உதறினார். இவ்வளவு நாளும் மெழுகுதிரி செய்தவருக்கு அது மேலிருந்து எரியும் என்பது நினைவில் வராமல் போயிருந்தது.

ரெஜினா அழத் தொடங்கினாள். “என்ரை வகுப்பிலை எல்லாரும் வாங்கினவை. எல்லாரும் சிரிக்கப் போகினம். நான் பள்ளிக்கூடம் போகேல்லை.”

அவர் அவளுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். பிறகு எழும்பி டிலானிக்குக் குளிர் உடுப்பைப் போட்டார்.

“சப்பாத்தைப் போடும் பிள்ளை. நானும் வாறன். பிழை விட்டது நான், நான்தான் சொல்ல வேணும். உம்மைப் பாத்து ஒருத்தரும் சிரிக்க விடமாட்டன்.”

சைக்கிளின் பின்னிருக்கையில் டிலானியை ஏற்றி, ரெஜினாவைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு போனார். வழி முழுக்க டெனிஷில் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மன்னித்துக்கொள்ளுங்கள். இலக்கங்கள் பிழை. எல்லாருக்கும் புதிது செய்து தருவேன்.

டிலானியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்பறைக் கதவைத் திறந்தபோது உள்ளே விளக்குகள் அணைந்திருந்தன. கீர்ஸ்டனின் மேசையில் அவருடைய மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றார்கள். மரியரட்ணம் வாசலில் நின்றபடியே சொல்லத் தொடங்கினார். “மன்னிக்க வேண்டும்...” அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. வழியில் பாடமாக்கியது எல்லாம் போய்விட்டது. அந்தப் பெரிய குரலும் போய்விட்டது.

அப்போது ரெஜினா அவருடைய கையைப் பிடித்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது. ஆனால் டெனிஷில் தெளிவாகச் சொன்னாள்: “இது என் அப்பா செய்த மெழுகுதிரி. எங்கள் ஊரில் இப்படி ஒன்று இல்லை. அதனால் இலக்கம் மாறிவிட்டது. அவர் எல்லாருக்கும் வேறு செய்து தருவார்.”

மெற்ற என்ற சிறுமி திரும்பினாள். “ஏன் மாற்ற வேண்டும்? இன்னும் எத்தனை தடவை கொளுத்த வேண்டும் என்று இது சொல்கிறது. வழக்கமான மெழுகுதிரி என்றால் பார்த்துக் கணக்குப் பண்ண வேண்டும்.”

“நாங்களும் அதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம்” என்றார் கீர்ஸ்டன். “இவர்கள் என்னிடம் தினமும் கேட்பது நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான். இந்த வருடம் நான் வாய் திறக்கத் தேவையில்லை. டிலானியை இறக்கிக்கொண்டு உள்ளே வாருங்கள், குளிர் வருகிறது.”

எல்லாருக்கும் அது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒரு தாய், தங்கள் வீட்டில் எப்போதும் இருந்த முறையிலேயே வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டாள். அவர் அன்று பின்னேரமே செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். கோவில் வாசலில் சிரிப்பவர்களுக்கும் புதிய கதை ஒன்று கிடைத்தது. “மரியரட்ணம், பஸ்ஸையும் பின்பக்கமாத்தான் போகச் சொன்னனியோ?” இந்தத் தடவை வீட்டுக்கு வந்த பிறகும் மரியரட்ணம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். விக்ரோரியாவிடம் அதை நடித்தும் காட்டினார்.

நத்தாருக்குப் பிறகும் கேட்டு வந்தார்கள். முதியோர் இல்லம் சாப்பாட்டு மேசைகளுக்குக் கேட்டது. பெப்ரவரியில் மெழுகுதிரி ஆசீர்வதிக்கும் திருநாளுக்குப் பாதிரியார் கேட்டார். அன்று பூசையில் எல்லார் கைகளிலும் தன் மெழுகுதிரி எரிவதைப் பார்த்த மரியரட்ணம், எது அணைந்துவிடுமோ என்று பயந்து பிரசங்கத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எண்பத்தேழு வசந்தத்தில் டிலானிக்குக் காப்பகத்தில் இடம் கிடைத்தது. அதே வாரம் பழைய மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். கோழித் தொழிற்சாலையில் வேறொரு பகுதியில் ஆள் தேவையாம்.

“போக விருப்பமோ?” என்று கேட்டாள் விக்ரோரியா.

“நீர் என்ன சொல்லுறீர்?”

“கோழி வேலைக்குப் போன காலத்திலை நீங்கள் வீட்டிலை வந்து ஒரு சொல்லுக் கதைக்க மாட்டியள். இப்ப வாய் மூடுறியளில்லை. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.”

அவர் தொழிற்சாலைக்கு, வரவில்லை என்று நன்றி சொல்லிவிட்டார்.

காப்பகத்தில் விட்ட முதல் நாள் டிலானி திரும்பிக்கூடப் பார்க்காமல் மணல்பெட்டிக்கு ஓடினாள். மரியரட்ணம் வீட்டுக்கு வந்து மெழுகை அடுப்பில் வைத்தார். தடை இல்லை, அழுகை இல்லை, விரும்பிய அளவு நேரம் இருந்தது. இரண்டு அச்சுக்கு ஊற்றினார். மூன்றாவதில் திரியைக் கோணலாக வைத்துவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

விக்ரோரியா வேலை முடிந்து வரும் வழியில் பார்த்தாள். காப்பக வேலிக்கு வெளியே, சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தன் புருசன் நின்றுகொண்டிருந்தார்.

“இஞ்சையென்ன செய்யிறியள்?”

“சும்மா. பிள்ளை நித்திரையாம். எழும்பட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

“எவ்வளவு நேரமா?”

“இப்பத்தான் வந்தனான்” என்றார் மரியரட்ணம். அவருடைய மூக்கு குளிரில் சிவந்திருந்தது.

விக்ரோரியா தன் சைக்கிளையும் வேலியில் சாய்த்துவிட்டு, கழுத்துச் சால்வையை அவிழ்த்து அவருடைய கழுத்தில் சுற்றிவிட்டு, பக்கத்தில் நின்றாள்.