லித்தியாவின் தோள்

போன ஞாயிறு பூசை முடிந்து ஆலய மண்டபத்துக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனால், சுவரில் லித்தியாவின் படம். வெள்ளை விளையாட்டுச் சட்டை, பல்லைக் கடித்த முகம், காதைச் சுற்றிப் பட்டி. படத்துக்குப் பிளாஸ்டிக் மல்லிகை மாலை வேறு. உயிரோடிருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை போடுகிற அறிவு எங்கள் திருவிழாக் குழுவுக்குத்தான் வரும். கீழே கொட்டை எழுத்தில் ‘எமது ஆலயத்தின் புதல்வி’ என்று எழுதியிருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே மேசையில் வைத்தேன்.

குழுத் தலைவர் சூசைப்பிள்ளை அண்ணை பக்கத்தில் வந்து நின்றார்.

“தங்கச்சி, அவவின்ர நம்பர் உங்களிட்டத்தானே இருக்கு. திருநாளுக்கு வரச்சொல்லுங்கோ. பொன்னாடை போத்துவம்.”

“ஓம் அண்ணை, கேட்டுப் பாக்கிறன்” என்றேன். கோயில் வளவுக்குள் வாயை அடக்கத்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து தையல் மெசின் லாச்சியை இழுத்தேன். அடியில் சிவப்பு வெல்வெட் தோளணை கிடந்தது. மூக்கில் வைத்தால் இன்னும் நோவெண்ணெய் மணம். அந்த மணம் வந்தால் எனக்குச் சலவைக்கூடமும் வந்துவிடும்.

ஜெர்மனியில் பான் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் நிலக்கீழ் அறை அது. ஈரப் படுக்கை விரிப்பு மூட்டையை நானும் இன்னொருத்தியும் பிடித்து இழுப்போம். பீஜித் தீவிலிருந்து வந்த லித்தியா கக்கத்துக்கு ஒன்றாக இரண்டைக் கொண்டுபோவாள். இங்கே ஒரு பெண்கள் றக்பிக் கழகம் அவளைக் கூப்பிட்டிருந்தது. கழகம் கொடுத்தது ஓர் அறையும் ஒரு சட்டையும். சாப்பாட்டுக்குச் சலவை வேலை. நானோ எட்டாம் வகுப்போடு நின்றவள். றக்பி என்றால் முட்டை மாதிரிப் பந்து என்பதற்கு மேல் தெரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவானது உடைந்த ஜெர்மன்தான், அவள் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.

“ரெண்டு பக்கமும் குனிஞ்சு முட்டித் தள்ளேக்க, நான் முன்வரிசை. தோள் குடுக்கிறதுதான் என்ர வேலை. பந்து எப்பவாவதுதான் கையில வரும்.”

சின்ன வயதில் வெறுங்காலோடு, தண்ணிப் போத்தலைப் பந்தாக்கி விளையாடியவளாம். அண்ணன்மார் சேர்க்கமாட்டார்களாம், இடித்துக்கொண்டு சேர்ந்தாளாம்.

அவளும் கத்தோலிக்கம். ஜெர்மன் பூசையில் யாரும் வாய் திறந்து பாடுவதில்லை என்று எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரத் தொடங்கினாள். ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் மாதா பாட்டுக்கு அவள் குரல்தான் கூரையில் போய் முட்டும். எங்கள் சனம் பாட்டைக் கேட்டதா? அவளுடைய தொடையைப் பார்த்தது. “ஆம்பிளை மாதிரி ஒரு உடம்பு” என்று எனக்குப் பின்னால் வாங்கில் இருந்து முணுமுணுத்த அக்காவுக்கு, செபமாலையை உருட்டிக்கொண்டே அதைச் சொல்ல முடிந்தது.

பிறகு ஒரு போட்டியில் அவளுடைய தோளெலும்பு முறிந்தது. கழகம் பூங்கொத்து அனுப்பியது. கூடவே, அறையைக் காலி பண்ணச் சொல்லியும் அனுப்பியது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் படுத்திருந்து, சுவரிலிருந்த மாதாவைப் பார்த்து நேர்த்தி வைத்தாள். தோள் சுகமானால், திருநாளன்று மாதாவின் கூட்டை அந்தத் தோளில் சுமப்பேன் என்று. கூடு என்றால் சுரூபத்தை வைத்து, இரண்டு நீளத் தடியில் ஏற்றி, ஆட்கள் தோளில் காவுவது. சுகமானது. தடி உறுத்தாமல் இருக்க நான் வெல்வெட்டில் தோளணை தைத்தேன்.

குழுக் கூட்டத்தில் நான்தான் எழும்பிக் கேட்டேன்.

“பொம்பிளை கூடு தூக்கிறதோ?” என்றார் சூசைப்பிள்ளை அண்ணை. “ஊரில எங்கயாவது கண்டனியளே?”

“ஊரில பனிக்குள்ளயும் பூசைக்குப் போனனாங்களே அண்ணை? பாதருக்கு ஓமாம்.”

“பாதர் ஜெர்மன்காரன். அவருக்கு என்ன தெரியும்? அரைக்காற்சட்டையோட உருண்டு பிரள்ற பிள்ளை அது.”

மாதா கழுதையில் போனவள், மாட்டுக்கொட்டிலில் பெற்றவள். அவளுக்கு இல்லாத கூச்சம் இவர்களுக்கு. பாதரை எதிர்க்கவும் துணிவில்லை. அடுத்த கிழமை ஒரு அறிவித்தல் வந்தது: ஃபெர்சிஷெருங், அதாவது காப்புறுதி, தோளில் சுமப்பதை அனுமதிக்காதாம், இனி மாதா வண்டியில் வருவாவாம். ஒரு பெண்ணின் தோளைத் தவிர்க்க எல்லாத் தோளையும் நிறுத்தினார்கள். இதற்கு மட்டும் எப்படித்தான் மூளை வேலை செய்ததோ, ஆண்டவரே.

திருநாளன்று லித்தியா வெள்ளைச் சட்டைக்குள் தோளணையை வைத்துக்கொண்டுதான் வந்தாள். விடிய நோவெண்ணெய் பூசியிருந்தாள். சாப்பாட்டுத் தட்டுகள் தள்ளுகிற சில்லு வண்டியில், பூமாலை சுற்றி, மாதா கிறீச் கிறீச் என்று வந்தா. டிராம் தண்டவாளத்தில் சில்லு விழுந்து இறுகியது. கோட்டுச் சூட்டுப் போட்ட கனவான்கள் குனிந்து இழுத்தார்கள். வண்டி அசையவில்லை, டிராம்காரன் மணியடித்தான்.

“பிள்ளை, இதில ஒரு கை குடு” என்றார் சூசைப்பிள்ளை அண்ணை. அவருக்கு வெட்கமே வரவில்லை.

அவள் வந்து, வண்டியின் விளிம்பைப் பிடித்து, சுரூபம் ஆடாமல் தூக்கி மட்டமான இடத்தில் வைத்தாள். பிறகு என்னிடம் வந்து தோளணையை உருவித் தந்தாள்.

“கையைத்தான் கேட்டவை” என்றாள். “வைச்சிரு. என்ர நேர்த்தி இன்னும் கிடக்கு.”

அடுத்த பருவம் வேறொரு நகரத்துக் கழகம், அதற்குப் பிறகு சொந்த நாட்டு அணி, உலகக்கிண்ணம். தொலைக்காட்சியில் பார்த்தேன். முன்வரிசையில் குனிந்து, அந்தத் தோளைத்தான் கொடுத்தாள். மண்டபத்தில் பெரிய திரையில் பார்த்தவர்கள் “எங்கட பிள்ளை” என்று கை தட்டினார்களாம்.

நேற்று அவளுக்குப் போன் எடுத்தேன்.

“மாதா இன்னும் சில்லிலயோ?” இதுதான் முதல் கேள்வி.

“ஓம்” என்றுவிட்டு, பொன்னாடைக் கதையையும் சொன்னேன்.

“துணி வேண்டாமெண்டு சொல்லு. கூடு தூக்க விட்டா வாறன்.”

இன்று சூசைப்பிள்ளை அண்ணையிடம் சொன்னேன். உடனே தலையாட்டிவிட்டார். உலகக்கிண்ணம் ஆடிய தோளுக்குக் காப்புறுதி வழிவிடும் போலிருக்கிறது.

“அப்ப அந்தத் தடியள் எங்க அண்ணை?”

அவர் சப்பாத்தைப் பார்த்தார். “அது சும்மாதானே கிடந்தது, தங்கச்சி. வெட்டித் தோட்டத்தில போஞ்சிக் கொடி படர நட்டிட்டன்.”

போன கோடை ஒரு பை போஞ்சிக்காய் எங்கள் வீட்டுக்கும் தந்தவர். பிஞ்சாகத்தான் இருந்தது.