கப்பலில் முன் சீட்டு

டூர் மேனேஜர் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கிறார்கள். நிஜத்தில் என் உத்தியோகம் அடுத்தவர் வயிற்றுக்குக் காவல் இருப்பது. திருச்சி மலைக்கோட்டை பக்கத்துச் சந்தில் எங்கள் ஆபீஸ். இருபது வருஷமாக நவக்கிரகம், ராமேஸ்வரம் என்று பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிப்போய் வருகிறேன். பஸ் டோல்கேட் தாண்டுவதற்குள் வாந்திக்கு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்க்கிற ரகமா நீங்கள்? அப்படியென்றால் இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். கப்பல் ஏறினால் நானும் அந்த ரகம்தான் என்று போன வருஷம் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம்தான் முதல் கப்பல் டூர். சென்னையில் ஏறி, விசாகப்பட்டினம் போய்த் திரும்புவது. இருபத்திரண்டு பேர். கூட்டிப்போன மாதிரியே எல்லாரையும் முழுசாகக் கொண்டுவந்து விட வேண்டும், அதுதான் என் கவலை.

புள்ளி

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புக்கிங் போடும்போதே "பஸ் ஒத்துக்குமா?" என்று கேட்டுவிடுவோம். ஒத்துக்காது என்பவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. அவருக்கு முன் சீட்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழம். பின்னால் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும் அல்லவா? அந்தப் புள்ளி என்னை ஏமாற்றியதே இல்லை.

கப்பலுக்கும் அதையே செய்தேன். ஆறு பேருக்குப் புள்ளி. கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு, சண்டை போடாத குறையாக அவர்களுக்கெல்லாம் முன்கோடி அறைகளாகக் கேட்டு வாங்கினேன். ஆறில் ஒருவர் ஆரோக்கியசாமி சார், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், சர்க்கரை வியாதிக்காரர். அவர் மனைவி பிலோமினா டீச்சர் அறை லிஸ்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க பையன்கூட இவ்வளவு அக்கறையா யோசிச்சிருக்க மாட்டான் தம்பி."

ஏகாதசி டப்பா

ஸ்ரீரங்கம் வைதேகி மாமி தனியாக வந்திருந்தார். பஸ்ஸோ ரயிலோ, அவரை எதுவும் ஒன்றும் செய்யாது. அதனால் புள்ளி இல்லை. யாரும் கேட்காத கீழ்த்தளத்து நடு அறையை அவர் தலையில் கட்டினேன்.

கப்பல் கிளம்பிய மறுநாள் ஏகாதசி. மாமிக்கு அன்று பால் மட்டும்தான். அதில் போட்டுக்கொள்ள ஒரு டப்பா நிறையக் கல்கண்டுப் பொடி கொண்டுவந்திருந்தார். வெறும் வயிற்றோடு இந்தம்மாதான் முதலில் விழப்போகிறார் என்று எனக்குப் பக்கென்றது. இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். மாமி மசியவில்லை. "நீங்க மத்தவாளைக் கவனிங்கோ, என்னைப் பெருமாள் பாத்துப்பார்."

பரிசல்காரர்

அன்று காலை டிபன் முடிந்த கொஞ்ச நேரத்தில் கடல் தன் வேலையைக் காட்டியது. முன் அறைகளில் தரை நம்மைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். போன வேகத்தில் நம்மை விட்டுவிட்டு அது மட்டும் இறங்கிவிடும். குடல் அந்தரத்தில் நிற்கும். இப்படி இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தொட்டியம் வாழை வியாபாரி ராமலிங்கமும் புள்ளிக்காரர்தான். "பஸ்ஸுதான் ஆகாது, தண்ணி நமக்குத் தோஸ்து. காவேரி வெள்ளத்துல பரிசல் விட்டவன்" என்று முதல் நாள் பூரா அளந்துகொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் போன நான், அவர் அறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆளுக்கொரு கவரைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே இருந்தோம். நடுவில் மூச்சு கிடைத்தபோது அவர் சொன்னார்: "பரிசல்னா கரைக்கு ஒதுக்கிரலாம் மேனேஜரே, இத எங்கங்க ஒதுக்குறது?"

யாரும்மா நீங்க

அப்போது டீச்சர் கதவைத் தட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். ஆரோக்கியசாமி சார் கட்டிலில் தொப்பலாக வியர்த்து உட்கார்ந்திருந்தார். கை நடுங்குகிறது. நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய மனைவியைப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்கிறார். சர்க்கரை மாத்திரை உள்ளே போயிருந்தது. அதற்குமேல் சாப்பிட்டதெல்லாம் வாந்தியில் போய்விட்டது. சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு ஏதாவது இனிப்புத் தேடினால், சர்க்கரைக்காரர் பையில் ஒரு மிட்டாய் கிடையாது. என் கையால் ஒரு மனுஷன் போகப்போகிறார் என்றே நினைத்தேன்.

சட்டென்று டப்பா ஞாபகம் வந்தது. கீழே ஓடினேன். மாமி சாவகாசமாக உட்கார்ந்து ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். மேஜையில் டம்ளர் நிறையப் பால், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரே கப்பல்தானா இது என்று திகைத்துப்போனேன். விஷயம் கேட்டதும் மாமி டப்பாவோடு என்னை முந்திக்கொண்டு மேலே ஏறினார். தண்ணீரில் கரைத்து வாய் வாயாகக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் சார் கண்ணில் வெளிச்சம் வந்தது. "பிலோ, ஏன் அழுவுற?" என்றார்.

டாக்டர் வந்து சோதித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விபரீதம் என்றார். அவரைக் கூட்டிவந்த அறைப் பணியாளர் நாகப்பட்டினத்துக்காரர். என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "கப்பல்ல முன்பக்கம்தாண்ணே ரொம்ப ஏறி இறங்கும், முடியாதவங்கள நடுவுல, கீழதான் வைக்கணும். யாருண்ணே பார்த்துப் பார்த்து இவங்கள இங்க போட்டது?"

திரும்பும் வழி

மாமி தன் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார். நான் டீச்சரிடம் போய், முன் அறையைச் சண்டை போட்டு வாங்கியது நான்தான், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். அவர் திரும்பிக்கொண்டு சாரின் போர்வையைச் சரிசெய்தார். சென்னை வரும்வரை என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

துறைமுகத்துக்கு வெளியே திருச்சி பஸ் காத்திருந்தது. சாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த டீச்சர், படிக்கட்டுப் பக்கம் நின்று முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "அவருக்கு முன் சீட்டு போடுங்க தம்பி, பஸ்ஸுலயாவது உங்கள நம்பலாம்ல?"

இருபது வருஷ அனுபவம் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருந்ததற்குக் கீழே, "தரையில் மட்டும்" என்று இப்போதெல்லாம் பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன்.