பாஸ்ட்டு ஒச்சம்மாள்

ஒச்சம்மாளுக்குத் தெரிந்த முதல் இங்கிலீஷ் வார்த்தை 'பாஸ்ட்'. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் சேலை மடித்து முத்திரை குத்துகிற வேலை அவளுக்கு. நல்ல சேலை என்றால் ஓரத்தில் 'பாஸ்ட் கலர்' என்று விழும். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் சாயம் போகாது என்று அர்த்தம். ரயிலுக்கும் அதே வார்த்தை உண்டு என்று பிறகு தெரிந்தது. கெட்டியாய் நிற்பதற்கும் நில்லாமல் ஓடுவதற்கும் வெள்ளைக்காரன் ஒரே வார்த்தையை வைத்திருக்கிறானே என்று அவளுக்குச் சிரிப்பு.

அவள் ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். பஸ்ஸை நம்பினால் வேலைக்கு வந்து சேர முடியாது. அண்ணன் பட்டாளத்துக்குப் போனதும் சுவரில் சாய்ந்து கிடந்த அவன் சைக்கிளை எடுத்தாள். குரங்குப் பெடலில் தொடங்கி, முழங்காலைப் பேர்த்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி சீட்டில் ஏறிவிட்டாள்.

ஒருநாள் பட்டறை வாசலில் அவள் சைக்கிளை விட்டு இறங்கியபோது, மேனேஜர் முத்துச்சாமி பக்கத்திலிருந்த வியாபாரிகளிடம், "இவ ரொம்ப பாஸ்ட்டு" என்றார். அவர்கள் சிரித்தார்கள். வேகத்தைச் சொல்கிறார் என்று நினைத்து அவளும் சிரித்தாள். வீட்டில் பெருமையாகக்கூடச் சொன்னாள்.

ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு டீக்கடைவரைக்கும் போய்விட்டது. "ஏலே, பாஸ்ட்டு போகுதுடா!" என்று விசில் பறந்தது. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அடுத்த தெருவில் குடியிருந்த ராயப்பராஜ் வாத்தியாரைப் பிடித்தாள்.

"அண்ணே, பாஸ்ட்டுன்னா வேகம், கெட்டிச் சாயம். வேற என்ன?"

"பட்டினி கெடக்குறது. உண்ணாவிரதம், நோன்பு எல்லாம் அதுதான்."

"அதுக்கு எவனும் விசிலடிக்க மாட்டான். மிச்சத்தையும் சொல்லுங்க."

வாத்தியார் தரையைப் பார்த்தார். "பொம்பளைய அப்படிச் சொன்னா, அடக்கமில்லாதவன்னு அர்த்தம்மா. ஆம்பளைகளோட சுத்துறவன்னு."

ஒச்சம்மாள் அழவில்லை. மறுநாள் பட்டறையில் அத்தனை பேர் இருக்க மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "சார், என்னையப் பாஸ்ட்டுன்னு சொன்னீகளே, எந்த அர்த்தத்துல சொன்னீக?"

முத்துச்சாமியின் முகம் கறுத்தது. "நாளையிலருந்து வேலைக்கு வராத. போ."

அவள் மறுநாளும் வந்தாள். அவளுக்கு மட்டும் கேட் திறக்கவில்லை. சைக்கிளை அதிலேயே சாத்திவிட்டு, பங்குனி வெயிலில் தரையில் உட்கார்ந்தாள். "நாலு பேரு முன்னால சொன்னத நாலு பேரு முன்னால வாபஸ் வாங்கட்டும். அதுவரைக்கும் எனக்குப் பச்சத்தண்ணிதான்."

மத்தியானம் சாயம் முக்குகிற சைனம்பு வெளியே வந்தாள். பேகம்பூர்க்காரி, நாலு பிள்ளைக்குத் தாய். "எனக்கு நோன்பு. உள்ள இருந்தாலும் பட்டினி, இங்க இருந்தாலும் பட்டினி. தள்ளி உக்காருடி."

பொழுது சாய்ந்தது. வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியில் ஒரு குவளையைச் சைனம்பு நீட்டினாள்.

"உனக்குப் பாங்கு சொல்லிட்டாக. எனக்கு இன்னும் சொல்லலக்கா" என்றாள் ஒச்சம்மாள்.

மறுநாள் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளோடு உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த நாள் ஒருத்திகூட உள்ளே போகவில்லை. தொட்டியில் ஊறிய துணி நாறத் தொடங்கியதும் முதலாளி காரில் வந்து இறங்கினார்.

"சைக்கிள விட்டுட்டு அடக்கமா நடந்து வா. வேலை தாரேன்."

"சைக்கிள் என்ன பாவம் பண்ணுச்சு மொதலாளி? பேசுனது அவரு வாயி."

முதலாளி தொட்டிப் பக்கம் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். முத்துச்சாமி உதட்டுக்குள் ஏதோ முனகினார்.

"கேக்கலையே!" என்று பின்னாலிருந்து சைனம்பு கத்தினாள்.

"தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் மேனேஜர், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் இரண்டு பெண்களும் ஒரே சட்டிக் கஞ்சியைக் குடித்தார்கள்.

டீக்கடை விசில் அதோடு நின்றுவிடவில்லை. ஒச்சம்மாளும் வேறு பாதையில் போகவில்லை. பெண் கேட்டு வந்த மூன்று வீட்டார், விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவளுக்கு முப்பது வயது தாண்டியபிறகு, நத்தத்திலிருந்து லாரி ஓட்டுகிற தங்கமுத்து வந்தார். கூட வந்த அவருடைய அத்தை, "சோறு பொங்கத் தெரியுமாத்தா?" என்று கேட்டாள்.

"தெரியும். பட்டினி கெடக்கவும் தெரியும்."

அத்தை திகைத்துப்போனாள். தங்கமுத்து சிரித்துவிட்டார். அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது.