சிவப்புப் பட்டன்

திங்கட்கிழமை முதல் பழைய பிரஸ்ஸுக்கே திரும்ப வேண்டும் என்று ஐசக்கிடம் சொல்லிவிட்டார்கள். தகடுகளை நசுக்கி வடிவம் கொடுக்கும் அந்த இயந்திரம், அதில் சுரேந்தரின் வலது கை போன பிறகு தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. தகட்டை உள்ளே வைப்பது ஐசக்கின் வேலை. வெளியே எடுப்பது சுரேந்தரின் வேலை. சுரேந்தர் இப்போது கல்லாவியில் தன் வீட்டில் இருக்கிறான். ஐசக் போக மறுத்தால் கான்ட்ராக்ட் முடிந்துவிடும்.

"எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்று மனைவி பவுலினாவிடம் சொல்லியிருந்தான். அவளும் நம்பியதுபோல நடந்துகொண்டாள். கொஞ்ச காலத்துக்கு ஒரு வீடு ஓட இது போதும்.

சனிக்கிழமை மகள் ஃபெபாவுக்குப் பிறந்தநாள். பவுலினாவின் தம்பி ஜாக்சன் எல்லோரையும் ஓசூர் பைபாஸில் புதிதாகத் திறந்த பீட்சா கடைக்குக் கூட்டிப்போனான். முன்னால் சாப்பாடு, பின்னால் முழுக்க விளையாட்டு இயந்திரங்கள். வாசலில் கரடி வேஷம் போட்ட ஒருவன் கைகுலுக்கினான். அந்தப் பஞ்சுக் கைக்குள் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று ஐசக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பீட்சா வந்தது. பவுலினா கண்ணை மூடி ஜெபம் செய்தாள். அவள் "ஆண்டவரே" என்னும்போதெல்லாம் பின்னாலிருந்து ஏதோ ஒரு இயந்திரம் ஊளையிட்டது.

"அக்கா, சீக்கிரம் ஆமென் சொல்லு. சீஸ் கல்லாப் போவுது" என்றான் ஜாக்சன்.

"ஜெபத்துக்கு நடுவுல பேசாதடா. நரகத்துல உனக்கு சூடாவே குடுப்பாங்க."

ஐசக் ஒரு துண்டை இரண்டு கையாலும் எடுத்து வாயில் வைத்தான்.

"என்னா மாமா, பீட்சாவையும் ஷிஃப்ட் பாக்குற மாதிரியே திங்கிறீங்க?"

ஐசக் சிரித்தான். உள்ளே யாரோ சம்மட்டி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். தொம், தொம் என்று அது விழும்போதெல்லாம் அவன் தோள்கள் தாமாக ஏறி இறங்கின.

அவன் வேலை செய்யும் இடத்தில் ஒரு விதி உண்டு. யாராவது சிவப்புப் பட்டனை அடித்தால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். எல்லாக் கைகளும் வெளியே இருக்கின்றன என்று சூப்பர்வைசர் பார்த்த பிறகுதான் இறக்கலாம்.

"அப்பா, கை வரல!"

ஃபெபாவின் குரல். பொம்மை பிடிக்கும் இயந்திரத்தின் கீழ்த்திறப்பில் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். மேலே இரும்புக் கொக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஐசக் பாய்ந்தான். பக்கத்தில் தட்டு அளவுக்குப் பெரிய சிவப்புப் பட்டன் தெரிந்தது. ஓங்கி அடித்தான்.

எதுவும் நிற்கவில்லை. அது வேறொரு விளையாட்டின் பட்டன். சைரன் அலறியது, விளக்குகள் சுழன்றன, வாய்போன்ற துளையிலிருந்து பரிசு டிக்கெட்டுகள் நாக்குப்போல நீண்டு வந்தன. "ஜாக்பாட்!" என்று கடைப்பெண் மைக்கில் கத்தினாள்.

ஐசக் இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றான். வெற்றி பெற்ற சந்தோஷம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கரடி ஓடிவந்து தானும் கைகளைத் தூக்கியது. வளையல் மாட்டியதுதான் ஃபெபாவின் சிக்கல். அதை உருவிவிட்டு அவளும் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"மாமா, இந்த அடிய ஃபேக்டரில அடிச்சிருந்தா ஃபோர்மேன் ஆயிருப்பீங்க!" என்றான் ஜாக்சன்.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகும் ஐசக் கைகளை இறக்கவில்லை. மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பவுலினா வந்து அவன் மணிக்கட்டுகளைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.

ஜாக்சன் குழந்தையோடு காரை எடுக்கப் போனபோது அவள் கேட்டாள்: "சுரேந்தருக்கு ஆனப்ப, பட்டன அமுக்க லேட்டாயிடுச்சுன்னு தான சொன்னாங்க?"

"கம்பெனில அப்பிடித்தான் சொன்னாங்க."

"நீங்க சொல்லுங்க."

"ஒடனே அமுக்குனேன். நிக்கல."

கிருஷ்ணகிரிப் பக்கம் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன.

"இப்ப சரி பண்ணிட்டாங்களா?"

"பெயின்ட் அடிச்சிருக்காங்க."

பவுலினா சொன்னாள்: "தகடு வெக்கிறதுக்கு முன்னாடி சும்மா ஓடவிட்டு அத அமுக்கிப் பாருங்க. நின்னா வேல செய்யுங்க. நிக்கலன்னா அப்பிடியே வந்துருங்க. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறினான். பிரஸ் புதுப் பச்சையில் பளபளத்தது. தகடு வைக்காமல் ஓடவிட்டு, அது மேலே ஏறும்போது சிவப்புப் பட்டனை அமுக்கினான்.

பிரஸ் உச்சிக்குப் போய், இன்னொரு தரம் முழுதாக இறங்கியது. அதன் பிறகு நின்றது.

"அதான் நின்னுடுச்சில்ல?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒருவாட்டி எறங்கிட்டு நின்னுச்சு சார்."

பட்டன் அமுங்கியதும் பழக்கத்தில் வரிசை முழுவதும் கைகளைத் தூக்கியிருந்தது. சூப்பர்வைசர் யாரையும் இறக்கச் சொல்லவில்லை. ஐசக் தன் கைகளைத் தூக்கியபடியே அவர்களுக்கு நடுவே கேட்டை நோக்கி நடந்தான்.